ருசி மேசையின் ஏழாம் விதி

பிஸ்கட் தொழிற்சாலையின் ருசி மேசையில் பதினாறு வருஷமாக முதல் நாற்காலி அக்காவுடையது. மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்காதான். நாற்பத்தைந்து வயதில் அதை மறுத்தும் பயனில்லை. அரை மணிக்கு ஒருமுறை அடுப்பிலிருந்து தட்டு வரும். மேசையைச் சுற்றியுள்ள ஆறு பேரும் ஆளுக்கொரு பிஸ்கட்டை உடைத்து, முகர்ந்து, மென்று, காகிதக் கோப்பையில் துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளித்து மதிப்பெண் போடுவார்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் அக்காவின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

நாக்குக்கு இருந்த ஒழுங்கு பல்லுக்கு இல்லை. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. வேலைக்கு வந்த முதல்நாள், முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு எதிரே பிஸ்கட்டை மெல்ல வெட்கப்பட்டு, இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதிருந்த மேனேஜர் ஒரு மாதம் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். மற்றவர்கள் கோட்டைவிட்டதையெல்லாம் இவள் பிடிக்கிறாள். வாயைப் பொத்துவதும் இவள் ஒருத்திதான். ஆக, மணம் கைக்குள்ளேயே நின்று மூக்குக்குப் போகிறது என்று அவர் முடிவுகட்டினார். சுவரிலிருந்த விதிப்பலகையில் ஏழாவதாக ஒன்று சேர்ந்தது: "மெல்லும்போது மணம் வெளியேறாதபடி இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்."

மேலதிகாரி சிரமப்பட்டு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது என்று அக்கா விட்டுவிட்டாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே பழகினார்கள். பொத்தாமல் தின்றால் ருசியே தெரிவதில்லை என்று சாதித்தவர்களும் உண்டு. தன் வெட்கத்தை ஆறு பேர் கூடிச் செய்வதை அக்கா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பார்க்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு வேதனையாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேருக்கு முன்னால் ஒரே ஒரு பிஸ்கட்டாவது தின்ன வேண்டும் என்பது அவள் ஆசை.

"இந்த வயசுல உன் பல்லை யாரு பாக்கப் போறா?" என்றார் கணவர்.

"யாரும் பாக்க வேணாம். நான் மறைக்காம இருந்தா போதும்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பல் டாக்டரிடம் கூட வந்தார்.

டாக்டரம்மா கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்றைக் காட்டினார். அலைனர் என்று பெயர். பல்மேல் மாட்டினால் வெளியே தெரியாது. மெல்லத் தள்ளித் தள்ளி நேராக்கும். இருபத்தெட்டு ஜோடி, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும்.

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயிலயே இருக்கணும். சாப்பிடறப்ப மட்டும் கழட்டுங்க."

"என் வேலையே சாப்பிடறதுதான் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இருவரும் கணக்குப் போட்டார்கள். பதினாறு தட்டு, தட்டுக்கு நாலு நிமிஷம், அறுபத்து நாலு நிமிஷம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் மிஞ்சியது ஐம்பத்தாறு. அன்றிலிருந்து அக்கா வீட்டில் ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி சாப்பிட்டாள். உற்பத்திக்கூடத்தில் உதிரிப் பிளாஸ்டிக் எதுவும் இருக்கக்கூடாது என்பதால், கழற்றும்போதும் மாட்டும்போதும் 'அந்நியப் பொருள்' பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். புது ஜோடி மாட்டிய முதல் இரண்டு நாள் மாரி பிஸ்கட்கூடக் கருங்கல்லாக இருந்தது. எதற்கென்று பதின்மூன்று மாதம் அவள் மேசையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கடைசி ஜோடியும் முடிந்த மறுநாள் காலை, முதல் தட்டு வந்தது. அக்கா எலுமிச்சை பிஸ்கட்டைக் கடித்தாள். இடக்கை மடியில் இருந்தது.

"அக்கா, ஏழாம் விதி" என்றார் புது மேனேஜர், கதவருகிலிருந்து.

பழக்கதோஷம், கை தானாக மேலே போய்விட்டது. அந்த வாரம் முழுக்க நேரான பல்லைப் பொத்திக்கொண்டு மென்றாள். அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் கதவருகில் நிற்க, தட்டு வந்து எல்லோரும் வாயைப் பொத்தியதும் அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஏழாவது விதி தப்பு. மணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பல்லு கோணலா இருந்துச்சு, மறைச்சேன். அவ்வளவுதான்."

மேனேஜர் பலகையைப் பார்த்தார். பிறகு அக்காவின் பல்லைப் பார்த்தார்.

"இப்ப நேராதானே இருக்கு?"

"இருக்கு சார்."

"அப்ப அந்த விதி எதுக்கு? எல்லாரும் கையை இறக்குங்க."

கைகள் இறங்கின. அந்த மேசையில் ஒருவர் மெல்லுவதை மற்றவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். பெரிய காட்சி ஒன்றுமில்லை. அக்கா உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, இன்னொரு பிஸ்கட்டைக் கடித்தாள். இவ்வளவு சுகமாக அவள் எதையும் தின்றதில்லை.

பக்கத்து நாற்காலியில் மட்டும் கை இறங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அடுப்புப் பிரிவிலிருந்து வந்தவர். அடுப்பு அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவ்வளவு சொன்ன பிறகும் இந்த மனுஷனுக்கு என்ன வீம்பு என்று திரும்பினாள். விதிக்காகப் பொத்தும் கை தளர்ந்திருக்கும். இந்தக் கை அப்படியில்லை. உள்ளங்கை இறுகி, விரல்கள் கன்னத்தில் பதிந்திருந்தன. கேன்டீனில் அவர் எப்போதும் சுவரைப் பார்த்தே உட்காருவார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, உங்களுக்குத் தனியா சொல்லணுமா?" என்றார் மேனேஜர்.

அண்ணன் தட்டையே பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

"சார்" என்றாள் அக்கா. "எழுத்துல உத்தரவு வர்ற வரைக்கும் பலகையில இருக்கறதுதானே விதி?"

எழுத்து என்றதும் மேனேஜர் யோசித்தார். விதியை நீக்க மூன்று கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

"சரி. அதுவரைக்கும் பழையபடியே இருக்கட்டும்."

மற்ற நால்வரின் கைகளும் மேலே போயின. அக்கா வாயிலிருந்த பிஸ்கட்டை அவசரப்படாமல் மென்று முடித்தாள். அடுத்ததை எடுத்துக் கடித்து, இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.