நிலைக்கு மேல் இருந்த சாவி

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் வெளிநாட்டிலுள்ள ஒரு தூதரகத்துக்குக் கதவுகள் செய்தோம். பார்வைக்கு மரக்கதவு, உள்ளே இரும்பு. பத்திரிகை வேலையை விட்டு வந்த எனக்கு, அவற்றைப் பொருத்தும் கையேட்டை எழுதுவது வேலை.

பூட்டு பொருத்தியவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒப்பந்தத் தொழிலாளி. மாதிரிக் கதவு சோதனையில் தேறினால் அவளை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. குன்றத்தூரில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். மூன்று ஷிப்ட், ஆறு பேர், ஒரே சாவி.

தூதரகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பூட்டிய கதவைச் சம்மட்டியாலும் கடப்பாரையாலும் நான்கு பேர் மாறி மாறித் தாக்கினார்கள். கதவு அசையவில்லை. எல்லாரும் கைதட்டினோம். உட்புறத்தைப் பார்க்கவேண்டும், திறங்கள் என்றார் ஆய்வாளர். அவள் குதிகாலை உயர்த்தி, கதவு நிலைக்கு மேலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

கைதட்டல் நின்றது.

மண்ணூர்க்காரரான சூப்பர்வைசர்தான் முதலில் வாய் திறந்தார். “இன்னாம்மா இது? இவனுங்க இம்மாம் நேரம் இடிச்சிக்கினு கீறானுங்க, சாவி தலைக்கு மேலயே கீது!”

“ரூம்ல அங்கதாண்ணே வைப்போம். கை தன்னால போயிட்டு.”

ஆய்வாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அவள் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அண்ணே, அங்கயும் காவலுக்கு நிக்கவங்க ஷிப்ட் மாறுவாவல்லா? சாவிய எங்க வைப்பாவளாம்? கேளுங்க.”

சூப்பர்வைசர் தயங்கியபடி ஆங்கிலத்தில் கேட்டார். ஆய்வாளர் சற்று யோசித்துவிட்டு, முன்பு ஓரிடத்தில் அது பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

“அப்ப நம்ம கதவுல வைக்க முடியாம பண்ணிருவோம். நிலைக்கு மேல தகட்டச் சரிவா வச்சி வெல்டிங் பண்ணினா சாவி நிக்காதுல்லா?”

மறுநாள் காலைக்குள் செய்து காட்டச் சொன்னார் ஆய்வாளர். அன்று மாலையே தகடு ஏறியது. காலையில் அவரே சாவியை அதன்மேல் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். விழுந்தது. மூன்றாம் முறை அவர் காலடியில் விழுந்த சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையேட்டில் நான் ஒரு வரி சேர்த்தேன்: சாவி காவலரின் இடுப்பில் இருக்கவேண்டும், ஷிப்ட் மாறும்போது கையிலிருந்து கைக்கு மாறவேண்டும்.

அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது. அவள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். சூப்பர்வைசர் இரண்டாவது லட்டையும் எடுத்துக்கொண்டார்.

“உன் ரூம் நிலைக்கும் ஒரு தகடு அடிச்சிடலாமா?”

“ஐயோ, வேண்டாம்ணே! நாங்க ஆறு பேரும் வெளியதான் நிக்கணும்.”