வேப்பூர் பஸ்ஸுல ரேடியோ நட்சத்திரம்

இன்னைக்கு விருத்தாசலத்துல வேப்பூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுல ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கிற மகளும்.

என் கையில இருந்த பிசிக்ஸ் விடைத்தாள் கட்டைப் பார்த்துட்டு அந்தம்மா பேச ஆரம்பிச்சாங்க. "பிசிக்ஸ் டீச்சருங்களா? எம்பொண்ணுக்கு ரேடியோ அலை வீசுற நட்சத்திரத்தைப் பத்தி ப்ராஜெக்ட்டுங்க. நீங்க கைடா இருக்கணும்."

குரல் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்கு என்னைத் தெரியல.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க தம்பிக்கு என்னைப் பொண்ணு பார்க்க எங்க வூட்டுக்கு வந்தவங்க. நான் படிச்சதைச் சொன்னதும், "நட்சத்திரத்துல ரேடியோ பாடுதாமே!"ன்னு கூட்டத்துல சிரிச்சாங்க. எங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

மகளைப் பார்த்துச் சொன்னேன்: "அது பாட்டு இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். நட்சத்திரத்தோட காந்த சக்தியால வருது. இதைத்தான் உங்கம்மாவுக்கும் ஒருநாள் சொன்னேன்."

அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம, பஸ்ஸே கேக்குற மாதிரி சொன்னேன்.

"ஏம்மா, அப்படியா சிரிச்ச?"ன்னு மக கேட்டா.

அந்தம்மா வேப்பூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

இறங்கும்போது, "கைடா இருக்கேன். ஆனா பொண்ணு செமினார் எடுக்கிற அன்னைக்கு நீங்க முன் வரிசையில உட்கார்ந்து முழுசா கேக்கணும்"னேன்.

பெரிய மனசோட மன்னிச்சிருக்கலாம்னு சொல்றவங்க கமெண்டுக்கு வாங்க. உங்களுக்கும் முன் வரிசையில நாற்காலி போடுறேன்.