காலண்டரில் அச்சான முகவரி

திருத்தங்கலில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்கு இன்று காலை சாத்தூர் ஜவுளிக்கடைக்காரர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"நீங்க அடிச்ச காலண்டர்ல இருக்க எங்க கடை பேஜ் அட்ரஸை போன்ல போட்டா எதிர்க்கடை பேஜ் வருது! என்ன வேலை பாத்திருக்கீக?"

அச்சடிக்கும் முன் ப்ரூஃப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டது அவர்.

காலண்டரை ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்தபின், பேத்தி பிறந்த சந்தோஷத்தில், கடையின் இணையப் பக்க முகவரியை அவள் பெயருக்கு மாற்றியதும் அவர். கைவிட்ட பழைய முகவரியை எதிர்க்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

"அம்புட்டையும் புதுசா அடிச்சுக் குடுங்க" என்கிறார், ஓசியில்!

நினைத்தபோது மாற்றுகிற முகவரியை வருடம் முழுக்கச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, பழி எங்கள் மேலா?

மதியம் எதிர்க்கடைக்காரரே போன் செய்தார்.

"அண்ணாச்சி, அடுத்த வருசம் என் காலண்டரும் நீங்கதான் அடிக்கணும். நான் அட்ரஸை மாத்தவே மாட்டேன்."

இந்த ஆர்டரை எடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.