எழுபது நாள் மாப்பிள்ளையும் ஏழு அறை வீடும்

போன திங்கட்கிழமை கல்முனைப் பஸாரில் ஓர் அதிசயம் நடந்தது. என் கடைக்குள் என் மகள் வந்தாள்.

இதில் என்ன அதிசயம் என்று கொழும்பு வாசகர்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் பஸார்ப் பக்கம் வருவதில்லை, ஐயா! முப்பது வருஷமாக ஆணி, கம்பி, சீமெந்து, தகரம் என்று நான் யாவாரம் செய்கிற கடையின் வாசலை என் மனைவி இன்னும் மிதித்ததில்லை. இவள் என்னடாவென்றால், பட்டப்பகலில், வாடகைக் காரில் வந்து இறங்குகிறாள். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒரு பெரிய சூட்கேஸை இழுக்கிறாள். கடைக்குள் அந்நேரம் பத்துப் பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள்...

ஏன் வந்தாள்? அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். ஒற்றை மாட்டுக் கரத்தையில் மணல் ஏற்றி விற்றவன். இன்று கல்முனையில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் அதில் என் கடை ஆணி நாலாவது இருக்கும். படித்தவர்கள் எல்லாம் வீடு கட்ட என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை — சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வெளியூர் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் வர ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவன் கட்டிக் கொடுக்கவேண்டும். அதனால் இங்கே பெண் குழந்தை பிறந்தால் தகப்பன் முதலில் தொட்டில் வாங்கமாட்டான், செங்கல் வாங்குவான்.

எனக்கு மூன்று பெண்கள். மூன்று வீடு. மூத்தவள் நஸீமாவுக்குக் கட்டினதுதான் வீடு! ஏழு அறை. வாசல் நிலைக்கு முதிரை மரம் தேடி எடுத்து, வீரமுனை ஆசாரி ஒருவரைக் கொண்டுவந்து செதுக்குவித்தேன். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட அந்த நிலையைப் பார்த்த நேரம்தான் கூட.

மாப்பிள்ளை நல்ல பையன். கலியாணம் முடித்து நாற்பதாம் நாள் டுபாய்க்குப் போய்விட்டார். அங்கே ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்து முப்பது நாள் நின்றார். திரும்பவும் போய்விட்டார். மூன்று வருஷக் கலியாணத்தில் மொத்தம் எழுபது நாள் குடித்தனம். வீடு கட்ட எனக்குப் பிடித்தது இரண்டரை வருஷம்!

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் மருமகனின் கடிதம் வந்தது. கம்பனி குடும்ப விசா கொடுத்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நஸீமா அங்கே போய் இறங்கவேண்டும். தவறினால் விசா செத்துவிடும். திரும்ப எடுப்பது கம்பனி முதலாளியின் மனசைப் பொறுத்தது.

அன்றிலிருந்து நஸீமாவின் வீடு பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆகிவிட்டது.

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க ஒரு நாள். படத்தில் காது தெரியவேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்ல, முக்காட்டை எடுக்க விடவே மாட்டேன் என்று என் மனைவி சண்டை — படம் எடுத்தது மகளை, சண்டை பிடித்தது தாய்! பிறகு யோசனை சொல்ல வந்தவர்கள். டுபாயைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. யோசனை இல்லாதவரும் ஒருவர் இல்லை. "ஆறாம் தட்டு மாடியில வீடாம், கிணறு எங்க இரிக்கும்?" என்று ஒருத்தி. "அம்மி கொண்டு போ மகள், அங்க மிளகாய் அரைக்க ஒண்டும் இல்லியாம்" என்று இன்னொருத்தி. விமானத்தில் அம்மி!

யோசனை சொன்னவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. "அங்க இரிக்கிற என்ட மகனுக்கு ஒரு போத்தல் ஊறுகாய்" என்று ஒருவர், "என்ட தம்பிக்குக் கொஞ்சம் கருவாடு" என்று இன்னொருவர்... நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஊர் என்னை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும்; ஹாஜியார் மகள் போகிறாள், கொண்டு போகமாட்டாளா? எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பார்சல் கொடுக்க வந்தவர்களின் வாய் டுபாயைப் பற்றிக் கதைக்கிறது. கண் என் முதிரை நிலையில் நிற்கிறது. போகிறபோது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அப்ப... வீடு சும்மாவா கிடக்கப்போகுது?"

அதில் கெட்டிக்காரர் என் மனைவியின் தம்பி, அலியார் மச்சான். அவருடைய மகளுக்கு நோன்புக்கு முன் கலியாணம். வீடோ ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. நாலு வருஷமாக அதே மட்டத்தில்தான் நிற்கிறது. ஆடுகள் வந்து படுத்துப் போகின்றன. மாப்பிள்ளை வீட்டார் முடித்த வீடு கேட்கிறார்கள்.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? என் வீட்டுக்கு வரவில்லை. கடைக்கு வரவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் என்னைச் சுற்றி நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தார்.

"மச்சான், புள்ளைட கலியாணத்துக்கு உங்கட மகள்ட வீட்டத் தருவீங்களா? நம்மட வீடு முடியிற மட்டுந்தான்."

பத்துப் பேருக்கு முன்னால் கேட்டால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அது ஊருக்கே தெரியும்; அக்காவைக் கட்டிக் கொடுத்தவருக்குத் தெரியாதா?

"ஒரு கலியாணத்துக்கு என்ன மச்சான், ரெண்டு கலியாணத்துக்கும் தாறன்!" என்றேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கும் நெஞ்சு இரண்டு அங்குலம் கூடினது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"உங்களுக்கு மூளை இரிக்கா? கலியாணம் முடிச்சு மாப்பிள்ள ஏறின வீட்டுல இருந்து அவன எறங்கு எண்டு ஆரு சொல்ற? நீங்க சொல்வீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை எந்த வீட்டுக்குள் ஏறுகிறாரோ அது அந்தப் பெண்ணின் வீடு. உறுதிப் பத்திரம் யார் பேரில் இருந்தாலும் ஊர் அப்படித்தான் பார்க்கும். பிறகு இறங்கச் சொன்னால் மாப்பிள்ளைக்கு அவமானம், கலியாணமே ஆட்டங்காணும். அந்தப் பாவத்தை யார் சுமப்பது? ஆயிரம் வீட்டுக்குக் கம்பி விற்றவனுக்கு இந்தச் சின்ன விஷயம் பள்ளிவாசல் முற்றத்தில் ஞாபகம் வரவில்லை!

கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் மனைவிதான் வழி கண்டாள்.

"நஸீமா போகல்ல எண்டா வீடு காலியில்ல. வீடு காலியில்ல எண்டா நீங்க சொன்ன சொல்லும் பிழையில்ல. ஆறு மாசம் நிக்கட்டும். தம்பி அவன்ட வீட்ட முடிக்கட்டும். பொறகு போகலாந்தானே?"

நாலு வருஷம் ஜன்னல் மட்டத்தில் நிற்கிற வீடு ஆறு மாதத்தில் முடியுமா? கட்டடச் சாமான் விற்கிற எனக்குத் தெரியாதா முடியாது என்று? இந்த விசா செத்தால் அடுத்த விசா வருமா? அதுவும் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையாட்டினேன். என் வாக்கு நிற்கவேண்டும், என் வீடும் நிற்கவேண்டும். மகள்தானே... மூன்று வருஷம் இருந்தவள் இன்னும் ஆறு மாதம் இருக்கமாட்டாளா?

அன்று பின்னேரமே அவளிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மகள், பயணத்தக் கொஞ்சம் பிந்திப் போடுவம். வீட்டப் பாக்க ஒரு ஆள் வேணும்."

 அவள் அழவில்லை. மடித்த உடுப்பைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள். பிள்ளை விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நினைக்கிற வியாதி எல்லாத் தகப்பன்மாருக்கும் இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

"வாப்பா, இத ஒருக்கா நிறுத்துத் தாங்க," என்றாள். சூட்கேஸைத் தானே தூக்கி, நான் கம்பி நிறுக்கிற பெரிய தராசில் வைத்தாள். ஆணி வாங்க வந்தவர் ஆணியை விட்டுவிட்டுப் பார்க்கிறார். எதிர்க்கடைத் துணி முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார்.

இருபத்தெட்டுக் கிலோ.

"இருபதுதான் விடுவாங்களாம்," என்று சொல்லிவிட்டு, சூட்கேஸை அங்கேயே திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினாள். கருவாட்டுப் பார்சல். ஊறுகாய்ப் போத்தல். மாசி மீன். தைலம். ஊரே அதற்குள் இருந்தது. கடைசியில் அவளுடைய சாமான் மட்டும் உள்ளே மிஞ்சியது. "ஆக்கள் வந்தா குடுத்துருங்க வாப்பா." இப்போது தராசு பத்தொன்பதில் நின்றது.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாற சனிக்கிழம நான் போகட்டா?"

பத்துப் பேர் என் வாயைப் பார்க்கிறார்கள்.

"வீட்ட போய்க் கதைப்பம் மகள்..."

"வீட்டுல கதைச்சா நீங்களும் உம்மாவும் சுவருந்தான் வாப்பா. இஞ்ச ஆக்கள் இரிக்காங்க."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

"வீட்ட ஆரு பாக்கிற?"

"அலியார் மாமாக்குக் குடுங்க. நீங்க பள்ளியில சொன்ன சொல்லு நிக்கட்டும்."

"ஏழு அறை மகள்! மாப்பிள்ள ஏறினா எறங்குவானா?"

"ஏழு அறையில நான் ஒருத்தி. மத்த ஆறையும் பூட்டித்தான் வச்சிரிக்கன். அவரு அதுல இரிந்தது எழுவது நாள் வாப்பா, நான் எண்ணிப் பாத்திரிக்கன். நான் கலியாணம் முடிச்சது ஒரு ஆம்பிளைய. நிலையையும் கதவையும் இல்ல."

 என்னிடம் இருபது வருஷமாகச் சீமெந்து வாங்குகிற கிழட்டு மேசன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வாயைத் திறந்தார்.

"ஹாஜியார், புள்ள ஞாயமாத்தானே கேக்கா? சுவரக் கட்டினது நான். அதுக்குப் பேச வராது, எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"திரும்பி வந்தா எங்க இரிப்பாய்?"

"இன்னொண்டு கட்டுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே!"

அப்போது நான் என்ன செய்திருக்கவேண்டும்? புத்தியுள்ளவன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, யோசித்து, தாடியைத் தடவியிருப்பான். என் வாய் அதற்கெல்லாம் பொறுக்குமா?

"ஒண்டு என்ன மகள், ரெண்டு வீடு கட்டித் தாறன்! போய்ட்டு வா!"

மாஷா அல்லாஹ் என்றார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் மச்சான் விரித்த அதே வலை. தாய்மாமன் செய்ததைப் பிள்ளை பார்த்துப் படித்திருக்கிறாள். விசாவும் தப்பியது, என் வாக்கும் தப்பியது. தப்பாதது வீடு மட்டும்தான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளையைத் தேடுகிறோம், கொண்டுவருகிறோம், வீட்டுக்குள் ஏற்றுகிறோம். நாற்பதாம் நாள் அவரை விமானத்தில் ஏற்றிவிட்டு, அவருடைய இடத்தில் வீட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்து என்று பெண்ணுக்குச் சொல்கிறோம். எங்கள் தெருவில் மட்டும் இப்படி எத்தனை வீடு! வெள்ளையடித்து, கிறில் போட்டு, உள்ளே ஒருத்தி. கேட்டால் "மகள் நல்லா இரிக்கா, ஓட்டு வீடு" என்கிறோம். ஓட்டைப் பற்றிக் கேட்டது யார்?

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டி வந்தது. அதே விமானத்தில் போகிற மருதமுனைக் குடும்பம் ஒன்றோடு சேர்த்து அனுப்பினோம். வாசலில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பயணம் அனுப்புவது என்றால் அழவேண்டும், அழுதால்தான் மரியாதை. நஸீமா எல்லோருக்கும் ஸலாம் சொன்னாள், உம்மாவைக் கட்டிப்பிடித்துத் தேற்றினாள், வீட்டுத் திறப்புக் கொத்தை மாமன் மகளின் கையில் தானே கொடுத்தாள், சிரித்துக்கொண்டு வானில் ஏறிவிட்டாள்.

"புரிசனிட்ட போறத்துக்கு இந்தச் சிரிப்பா? வெக்கமில்லாம!" என்று பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். புருஷன் இல்லாமல் மூன்று வருஷம் இருந்தபோது 'பாவம்' என்று சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை. வானில் ஏறிச் சிரித்ததும் வெட்கம் ஞாபகம் வந்துவிட்டது!

ஆம்பிளைகளில் அழுதது நான் ஒருவன்தான். நன்றாகவே அழுதேன், சால்வை நனைந்துவிட்டது.

அலியார் மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம் — "ஹாஜியார் அழுதது மகளுக்காக இல்ல, வீட்டுக்காக" என்று.

அதில் பாதிதான் பொய்.