ஊட்ல கேட்டுப்போட்டு

பழைய வண்டியைப் பார்க்கப் போனால் எங்கள் மாமா, மாப்பிள்ளை பார்க்கப் போன பெண்வீட்டார் மாதிரி ஆகிவிடுவார். எதையும் நேராகக் கேட்க மாட்டார், எதையும் கவனிக்காமல் விடவும் மாட்டார்.

அம்மாவுக்கு இடுப்பு வலி. இனி பைக்கில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அப்பா பழைய கார் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். சேந்தமங்கலத்தில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

எனக்குக் காரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பானெட்டின் மேல் ஒரு பூனை வேறு படுத்திருந்தது. மகளைக் காலேஜில் சேர்க்கத்தான் விற்பதாகச் சொன்ன காரின் சொந்தக்காரர், காலையிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை என்றார். பூனையைத் தூக்கப் போன நான், "மாமா, இங்க சுடுது" என்றேன். மாமாவும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை விரலால் வழித்தார். மோர் நிறத்தில் பசை ஒட்டியது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுச் சைலன்சருக்குப் பின்னால் குந்தி, ரசத்தை மோந்து பார்ப்பவர்போல மூக்கை நீட்டினார். புகை நீலமாக வந்தது. எனக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றமுங்க."

நல்ல வண்டி என்று சொன்ன பிறகு கார்க்காரர் முகம் ஏன் வாடியது என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் மாமா அப்பாவிடம், "ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலந்து கெடக்குது மாப்ள, பொகையும் நீலம், இஞ்சின் போச்சு. ஆறிக் கெடந்தா ஸ்டார்ட் ஆகாதுன்னு நாம வாரதுக்கு முன்னால ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கறாங்க" என்றார். தண்ணீர் கலப்பது ஒரு குற்றமா? எங்கள் வீட்டுப் பாலும் அப்படித்தான் வந்தது.

ஒரு வாரம் போயும் அப்பா வீட்டில் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் போலும் என்று நானே அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "கார் வந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்" என்றார். அது போதாதா? அப்பாவின் போனில் கார்க்காரர் எண்ணைத் தேடிப் பிடித்து, "ஊட்ல கேட்டாச்சுங்க. அம்மா சரின்னுட்டாங்க" என்று சொல்லி, வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை கார் எங்கள் வாசலில் நின்றது. பளிச்சென்று கழுவி, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கார்க்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அப்பா அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா காபி கொடுத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லி உடலீங்களே" என்றார் அப்பா, மெதுவாக.

"கொழந்தக் கொரல்னு தெரிஞ்சுதுங்க. ஊட்ல கேக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானே எத்தன பேர்த்துகிட்டச் சொல்லியிருக்கறேன்" என்றார் அவர், டம்ளரைப் பார்த்தபடியே. "இருந்தாலும் ஒருக்கா வந்து பாக்கலாம்னு தோணுச்சுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மேல தப்பில்ல சாமி" என்றார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யாரைக் கேட்பது?

வேண்டாம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. காபி முடிந்ததும் இருவரும் எழுந்தார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் மனைவி, முந்தானையால் பானெட்டிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைக்க ஆரம்பித்தார். கழுவின காரை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. உதவி செய்யலாம் என்று நானும் ஓடிப்போய், என் பங்குக்கு ஒரு பக்கத்தைத் துடைத்துக் கொடுத்தேன்.