சகலை வீட்டில் மட்டும் ஓடியது

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் எனக்குச் சகலை. இந்த உறவுக்கு முதலில் பெயர் வைத்தவருக்குப் பொறாமையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றில் இருவருக்கும் சேர்த்துச் சோறு வைப்பார்கள். பெரிய கறித்துண்டு யார் பக்கம் விழுகிறது என்று மாமியார் வீடே கதவிடுக்கில் நின்று பார்க்கும். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அது அவர் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. சஹனைத் திருப்பி வைத்தும் பார்த்திருக்கிறேன். கறித்துண்டும் கூடவே திரும்பிப் போனது.

எண்பதுகள் பாதி தாண்டிய சமயம். பழவேற்காட்டில் நான் இறால் எடை போடும் டிப்போவில் வேலை பார்த்தேன். விடியலில் ஏரித்தீவான பசியாவரத்திலிருந்து படகுகள் வரும். மதியத்துக்குள் இறாலை ஐஸில் போட்டு லாரி ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது. பிறகு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கையோடு வீட்டுக்கு வருவேன். சகலை துபாயை முடித்துக்கொண்டு வந்து துணிக்கடை வைத்திருந்தார். கடையை ஆள் பார்த்துக்கொள்வான். இவர் அத்தர் பூசிக்கொண்டு வீட்டில் இருப்பார்.

துபாயிலிருந்து வந்தபோது அவர் இரண்டு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு பரீட்சை அட்டை அளவுதான் இருக்கும். அதை டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு, பூனை வாலை மிதித்ததுபோல் அது கத்தி முடிக்கும்வரை காத்திருந்தால் ஆட்டம் வரும். ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "சும்மா வச்சிக்க சகல, பொழுது போவும்" என்றார். அந்தச் "சும்மா" இரண்டு நாள் என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

பிறகுதான் தெரிந்தது, அவருடையதன் முதுகில் கூடுதலாக ஒன்று இருந்தது என்று. சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒரு மெமரிப் பெட்டி. அது இருந்தால்தான் பெரிய ஆட்டங்கள் ஓடும். எங்களுடையதில் ஒரு பந்து சுவரில் மோதித் திரும்பி வரும், அவ்வளவுதான். அவருடையதில் பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்டலாம்; புயல் வரும், கலங்கரை விளக்கு வரும், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நம்பர் ஏறும்.

அந்தக் கப்பலை என் மனைவி ஓட்டினாள். வேறு யாரும் அவளைப்போல் ஓட்டவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு சந்து தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். நான் வாசலில் நின்றால் அவள் சிரிப்பு அங்கிருந்து கேட்கும். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் சொல்லும் ஜோக்குக்கு ஊரே சிரிக்கும். அவள் மட்டும், "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்பாள்.

"தெனமும் அங்க போவணுமா? நம்ம வூட்லயும்தான் ஒண்ணு இருக்கே" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம வூட்ல இருக்கறது பந்துங்க. அது போவும், வரும். உங்கள மாதிரி."

"அங்க இருக்கறது?"

"கப்பல்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவள் எங்கள் வீட்டில், எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து கப்பல் ஓட்ட வேண்டும். பொன்னேரி போய் ரயில் பிடித்து, பட்டணத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் தெருவெல்லாம் அலைந்து, அதே மெமரிப் பெட்டியை வாங்கிவந்தேன். அந்தக் கப்பல் கேசட்டையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

மாட்டுவதற்கு முன் எங்கள் ஊர் வழக்கப்படி செய்யவேண்டியதைச் செய்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. நடுவில் நாங்கள் விடும் மூச்சே உப்பாக இருக்கும். ஆணி வாங்கினாலும் எண்ணெய் தடவித்தான் உள்ளே எடுப்போம். டார்ச்லைட் ஸ்பிரிங், சைக்கிள் மணி, பூட்டு, ரேடியோவில் பேட்டரி உட்காரும் தகடு, எதுவானாலும் தேங்காயெண்ணெய் காட்டாமல் விட்டால் வாரத்தில் பச்சை பிடித்துவிடும். கம்ப்யூட்டரின் முதுகில் பெட்டி போய் மாட்டும் இடத்தில் சீப்புப் பல்போல் பளபளவென்று தகடுகள் இருந்தன. பார்த்ததும் மனசு உருகிவிட்டது. விரலில் எண்ணெய் தொட்டு, குழந்தைக்குத் தலை வாருவதுபோல் ஒவ்வொரு பல்லுக்கும் தடவினேன். பெட்டியின் வாய்க்குள்ளும் இரண்டு சொட்டு விட்டேன். சகலை இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாரா என்று அப்போது ஒரு பெருமை வேறு.

கப்பல் கிளம்பியது. மனைவி துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்கு டீ போட்டேன். முதல் பாறையைத் தாண்டும்போது கப்பல் அப்படியே நின்றது. கடல் கட்டம் கட்டமாகி, டிவி முழுக்க கட்டம் போட்ட லுங்கி விரித்ததுபோல் ஆனது.

"இன்னாங்க, நங்கூரம் போட்டுட்டீங்களா?"

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பூனை மறுபடி கத்தியது. இந்த முறை துறைமுகத்தை விட்டே கப்பல் வெளியே வரவில்லை. அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, துப்பட்டியை எடுத்துக்கொண்டாள். "நீங்க பாத்து வைங்க. நான் அக்கா வூட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

அடுத்து வந்த நாட்களில் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. முதலில் கரண்ட் மேல் சந்தேகம் வந்தது. எங்கள் தெருவில் மாலையானால் பல்பு பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். டிப்போ ஐஸ்பெட்டிக்கு மாட்டியிருந்த ஸ்டெபிலைசரைக் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிவந்தேன். பல்பு பிரகாசமாக எரிந்தது. கப்பல் பிரகாசமாக நின்றது. அடுத்து கேசட் மேல் சந்தேகம். டேப் ரெக்கார்டரின் தலையைத் துடைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஆட்டம் ஒழுங்காகத்தான் ஏறியது. ஓட ஆரம்பித்தபிறகுதான் செத்தது.

பிறகு சூடு. பெட்டியைத் தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: கெட்டுப்போவதை ஐஸில் வை. டிப்போவிலிருந்து ஐஸ்தூள் கொண்டுவந்து, எவர்சில்வர் தட்டில் பரப்பி, மேலே பலகை வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்கு வியர்த்தது.

மனைவி எட்டிப்பார்த்தாள். "தலையக் கிள்ளிட்டு வச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"எதோட தலைய?"

"எறால்னு நெனச்சிதான வச்சிருக்கீங்க?"

கடைசியில், பெட்டி ஆடுகிறதோ என்று அறைக்குள் யாரும் நடக்கக் கூடாது என்றேன். எங்கள் வீட்டில் இருந்ததே அந்த ஒரே அறைதான். அவள் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்: "அப்ப சோத்த இங்கிருந்து வீசட்டுமா?"

செய்யாத சோதனை ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. என் பெட்டியைக் கழற்றி சகலையின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது. அங்கே ஓடினால் கோளாறு என் கம்ப்யூட்டரில். அங்கேயும் நின்றால் கோளாறு பெட்டியில். எந்த முட்டாளுக்கும் இது தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு அவர் வீட்டு வாசலில் போய் "பாய், என்னுது ஓடல" என்று சொல்ல வேண்டுமே. அதற்குப் பதில் ஏரியில் இறங்கி பசியாவரம் வரை நடந்தே போய்விடுவேன்.

நான் போகவில்லை. அவள் போனாள். ஒருநாள் அஸருக்குப் பிறகு, மெமரிப் பெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "வரீங்களா, நானே மாட்டிப் பாக்கட்டுமா?" என்றாள். பின்னாலேயே நடந்தேன்.

சகலையின் கம்ப்யூட்டர் மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்தும் நான் வயிறெரிந்ததுண்டு. அதை எடுத்ததும் ஓர் ஆறுதல் கிடைத்தது: அவர் தன் மெமரிப் பெட்டியை சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டி, அடியில் சிகரெட் அட்டை சொருகி வைத்திருந்தார்.

"இது எதுக்கு பாய்?" என்றேன் மிக அப்பாவியாக.

"சும்மா, பாதுகாப்புக்கு" என்றார். அவர் மனைவி, என் மச்சினிச்சி, உள்ளேயிருந்து சொன்னாள்: "ஆடுச்சின்னா நின்னுடும். அதான் கட்டி வச்சிருக்காரு."

என் பெட்டியை மாட்டினோம். கப்பல் கிளம்பியது. பாறை. கட்டம் போட்ட லுங்கி.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. சகலை வீட்டில், சகலையின் கலர் டிவியில் நின்றது. கலரில் நின்றது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்.

"உன் பெட்டிதான் கோளாறு" என்று சகலை தன் பெட்டியை எடுத்துத் திரும்ப மாட்டினார். கேசட் கத்தியது. கப்பல் கிளம்பியது. முதல் பாறையில் நின்றது.

மனைவி என்னைப் பார்த்தாள். இப்போது இரண்டு வீட்டிலும் கப்பல் இல்லை. சகலை தன் கம்ப்யூட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து முதுகைப் பார்த்தார். விரலால் தடவினார். முகர்ந்தார். அத்தர் மூக்குக்கும் அது தப்பவில்லை.

"இன்னா சகல, பெட்டிக்குத் தல தேய்ச்சி வுட்டியா?"

"உப்புக் காத்து பாய்" என்றேன்.

"எண்ணெ ஊத்தி, இந்த மணல் காத்துல வச்சா சேறு பிடிக்காம இன்னா பிடிக்கும்? என்னுதுக்கும் ஒட்டிட்டியே."

மச்சினிச்சி தலையில் அடித்துக்கொண்டாள். என் மனைவி சிரித்தாள். நெடுநாள் கழித்து என்னால் சிரித்தாள். அதிலும் பாதி அவர் ஜோக்குக்குத்தான் போயிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஸ்பிரிட்டும், கடையில் பள்ளிக்கூட ரப்பரும் வாங்கிக்கொண்டு நானும் சகலையும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பஞ்சில் எண்ணெய் கறுப்பாக வந்தது. துடைத்துவிட்டு ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தோம். பெட்டியின் வாய்க்குள் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி விட்டு எடுத்தோம். அவர் தேய்ப்பதை அடிக்கடி நிறுத்தி என்னுடையதைப் பார்த்தார். நானும் அவருடையதைப் பார்த்தேன். யாருடைய பல் அதிகமாக மின்னுகிறது என்று இருவரும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும், என்னுடையதுதான். போகும்போது கத்தரித்த சைக்கிள் டியூப் ஒன்றையும் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் மாட்டி, டியூபால் கட்டினேன். மனைவி உட்கார்ந்தாள். நான் நடக்கவில்லை, இருமவில்லை. முதல் பாறை போனது. புயல் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். துறைமுகத்துக்குத் துறைமுகம் நம்பர் ஏறியது. கடைசியில் கப்பல் உடைந்தபோது டிவியில் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"தொடாதீங்க. கரண்ட் போவாம துவா செய்ங்க. அக்காவக் கூட்டியாந்து காட்டணும்."

நான் காவல் இருந்தேன். அணைத்தால் அந்த நம்பர் எங்கேயும் எழுதப்படாமல் அழிந்துவிடும். பல்பு ஒருமுறை மங்கியபோது ஆயத்துல் குர்ஸி முழுக்க ஓதினேன்.

மச்சினிச்சி வந்தாள். பின்னால் சகலையும் வந்தார். மச்சினிச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "நம்ம வூட்ல இவ்ளோ வந்ததே இல்லியே" என்றாள்.

சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவங்க டிவி சின்னது. அதான் நம்பர் நெருக்கமாத் தெரியுது" என்றார்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. நான் வருஷக்கணக்காக மொத்தமாக வாங்கி வைத்திருந்தது. அவருக்கு டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு மனைவி துப்பட்டியை எடுக்கவில்லை. மச்சினிச்சி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருவரும் டிவி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற எனக்கு, இரண்டு சந்து தள்ளி யாரோ பூனை வாலை மிதிப்பது கேட்டது.

"மச்சான் தனியா பழகுறாரு போல" என்றாள் என் மனைவி, திரும்பாமலே.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி முதலிலிருந்து கேட்டது. அன்றைக்கு நான் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.