வயிற்றுக் கொழுப்பில் குரல் எடுத்தவர்

பிள்ளைகளே, வாழைச்சேனையில் மீன் ஏலம் கூறும் உங்கள் அப்பா எனக்குக் குரல் போனது தெரியும்தானே. கத்திக் கத்தி குரல்நாணில் வந்த கட்டியை வெட்டிய இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. குரல் வராவிட்டால் ஏலம் இல்லை. மட்டக்களப்பில் தொண்டைக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் அந்த ஒல்லியான மனிதரைப் பார்த்தேன்.

வாய் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் போத்தலில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். நான் கேட்காமலே சொன்னார்: "வயித்துக் கொழுப்ப எடுத்து ஊசியால குரல்நாணுக்க ஏத்துவாங்க தம்பி. எனக்குச் செஞ்சாச்சு."

ஏதோ தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்தேன். "உங்கட வயித்துல கொழுப்பு எங்க அண்ணன் இருக்கு?" என்றேன், காற்றாக வந்த குரலில்.

சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கி, தொப்புளருகே சின்னத் தழும்பைக் காட்டினார். "ஒரு தேக்கரண்டியும் வேணாம்."

"அப்ப குரல் வந்திட்டா?"

"முழுசா இல்ல. ஏத்தின கொழுப்புல பாதி கரைஞ்சு போயிட்டு. மகளப் பேர் சொல்லிக் கூப்பிட ஏலும், பாட ஏலா. திரும்பப் போடத்தான் வந்திருக்கன். உயிரணு வளத்துப் புதுக் குரல் தாறம் எண்டு ஆரும் வந்தா நம்பிராதீங்க. அது இன்னும் ஆராய்ச்சியிலதான்."

விற்க வந்தவர் சரக்கின் குறையைச் சொல்வாரா? அதுவும் தந்திரமோ என்று, டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சரி என்றார்.

குரல் முழுதாகத் திரும்பாது என்று எழுதியிருந்த சிகிச்சைச் சம்மதத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத எனக்கு அவர் ஏன் அவ்வளவும் சொன்னார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.